அரைப்பிறை

வள்ளியூரிலிருந்து பலவேசம் ஏற்றிவந்த சாக்கை
பேட்டை ரோட்டுக் குடோன் தரையில் கவிழ்க்கும்போது
சத்தத்திலேயே பாதி எடை தெரிந்துவிடும் எனக்கு.
இன்று சலசலத்தது, போன்கள்.
நடுவே நாலைந்து தடவை பொத்தென்றது,
ஏதோ ஆபீஸின் ஹார்ட் டிஸ்க்.

அதற்குள் இருக்கும் காந்தம்
வெள்ளி முலாம் பூசிய முந்திரிப்பருப்பு.
இரண்டைப் பக்கத்தில் வைத்தால் போதும்,
நடுவில் விரல் இருக்கிறதா என்று விசாரிக்காது.
சித்திரையில் கறுத்த என் கட்டைவிரல் நகம்
ஆடி பிறந்தும் பாதிதான் வெளுத்திருக்கிறது.

விலைப்பலகையில்
செம்பு, பித்தளை, அலுமினியம், ஈயம்,
ஒல்லி இரும்பு, கனத்த இரும்பு.
இதற்கு ஒரு வரி கிடையாது.
இரும்போடு இரும்பாய்ப் போய்
உலையில் கரைந்து காணாமல் போகும்.
கும்மிடிப்பூண்டிக் கம்பெனியின் சீட்டில்தான்
பெயரைப் பார்த்தேன். எழுத்துக்கூட்டி
ஈயத்துக்குக் கீழே சாக்பீஸால் எழுதினேன்:
நியோடிமியம்.
முதலாளி கித்ருமுகம்மது கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
"இது யாரு, புதுசா வேலைக்கு வந்த பிள்ளையா?" என்றார்.

பலவேசத்துக்கு வேறு கணக்கு.
"எக்கா, கருப்பந்துறைப் பக்கம் என் மச்சினன்
ரெண்டு டிரம் வச்சிருக்கான். ராத்திரி ஆசிட்,
விடியுமுன்ன தங்கம். கிலோவுக்கு
ஒங்க கம்பெனியவிட டபுளா தருவான்."

போன வருஷம் நானும் போயிருக்கிறேன்.
துப்பட்டியை மூக்கில் சுற்றிக்கொண்டு நின்றேன்.
நாற்பது போனின் சர்க்யூட்டைத் தின்றுவிட்டு
அந்த டிரம் காறித் துப்பியது
ஒரு கிராம்கூடத் தேறாத மஞ்சள் பொடி.
மிச்சத்தை அவன் காலால் சாய்த்தான்.
செம்பும் பல்லேடியமும் எனக்குப் பெயர் தெரியாத எத்தனையோவும்
பச்சையாய் நுரைத்து வாய்க்காலில் இறங்கின.
ஏற்கெனவே பெயரில் தாமிரம் வைத்திருக்கிற ஆறு.
பெயரில் இருப்பது போதாதா அதற்கு?
மூன்று நாள் இருமினேன்.
பணத்தையும் வாங்கிக்கொண்டேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

உவரிக்குப் போகையில் பார்த்திருக்கிறேன்,
கடல் ஒதுக்கிய மணலில் கறுப்பும் சிவப்பும்
வரிவரியாய்க் கிடக்கும்.
அதிலும் இந்த வகையறா துளித்துளி உண்டென்று
பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் சொன்னார்.
பணகுடியில் சுற்றும் காற்றாடிகள் சிலவற்றின் வயிற்றிலும்
என் நகத்தைக் கடித்ததன் பெரியப்பன்மார் இருக்கிறார்களாம்.
மண்ணில் கிடந்தது காற்றில் சுற்றுகிறது,
காதில் பேசுகிறது, சாக்கில் வருகிறது.
சாக்கு வரைக்கும் எல்லோருக்கும் வழி தெரியும்.
அதற்கு அப்புறம்தான் ரோடு போடவில்லை.

"மச்சினன்ட்ட சொல்லு, இங்கனயே எடை போட்டாச்சுன்னு."
"பொய் சொல்லச் சொல்லுதியளா?"
"தராசை இழு. பொய்யில்லாம ஆயிரும்."

மேலப்பாளையத்தில் வீடு வீடாய் நோட்டீஸ் கொடுத்தவள் நான்,
'பழைய போனைப் பூட்டி வைக்காதீர்கள்.'
என் அலமாரியில் துணிக்கடியில் மூன்று.
ஒன்றுக்கு முகம் உடைந்தது. ஒன்றுக்குச் சார்ஜர் கிடைக்காது.
எதற்கு என்று கேட்டால் 'இருக்கட்டும்'
என்பதைத் தவிர என்னிடம் பதிலில்லை.

பட்டன் போனை மட்டும் தராசில் வைத்தேன்.
எண்பத்தாறு கிராம்.
விற்பவள் இருபது கேட்டாள்,
வாங்குபவள் பத்தில் நின்றாள்,
இரண்டு பேரும் முகத்தைத் தூக்கிக்கொண்டு
பன்னிரண்டுக்கு முடித்தோம்.
சீட்டில் பெயர், செய்யதலி பாத்திமா.

திருகைக் கழற்றினால்
சத்தம் போடாமல் கூப்பிடும் மோட்டார்,
புளியங்கொட்டை நீளம்.
நுனியில் அரைப்பிறையாய் டங்ஸ்டன்.
ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததற்கும்
பிள்ளை பாஸானதற்கும்
ராங் நம்பருக்கும்
ஒரே மாதிரி என் மடியில் நடுங்கியது
நீதானா?

ஊறுகாய் பாட்டிலில் இதுபோல் முந்நூறு சேர்ந்திருக்கும்.
போட்டேன். டிக்.

"அதுக்குப் பலகையில பேரு எழுதியாச்சா?"
உள்ளேயிருந்து முதலாளி.

சாக்பீஸைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.